பசுமையும் வகுத்தல் கணக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நம் மின்னஞ்சல்களையும் இணையத் தகவல்களையும் சேமித்து வைக்கும் தரவு மையங்கள் தின்னும் மின்சாரத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் சரியில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து பழைய மின்னஞ்சல்கள் பதினோராயிரத்தை அழித்தேன். மடிக்கணினியையும் மாற்றிவிட்டு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதியது வாங்கலாம் என்றிருக்கிறேன். மின்சாரம் எவ்வளவு சிக்கனமாகச் செலவாகிறது என்று காட்டும் பி.யூ.இ. (PUE) எண், புதிய மையங்களில் 1.1 வரை இறங்கிவிட்டதாமே? அப்படியானால் இந்தத் தொழில் எவ்வளவு வளர்ந்தாலும் கவலையில்லை அல்லவா? அல்லது செயற்கை நுண்ணறிவு வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுமா?

— க.

அன்புள்ள க.,

இரண்டு நாளை இப்படியா வீணாக்குவது? ஒரு ஹார்டு டிஸ்க் சும்மா சுழலவே ஐந்தாறு வாட் இழுக்கும். நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அதே ஐந்தாறு வாட்தான். உங்கள் பதினோராயிரம் மடல்கள் அதன் ஒரு மூலைக்குக் காணாது. மனசு நல்ல மனசு, கணக்குதான் தப்பு.

செயற்கை நுண்ணறிவை விடுங்கள், ஆரூடம் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீட்டில், 2024இல் உலகத் தரவு மையங்கள் இழுத்தது சுமார் 41,500 கோடி யூனிட். உலக மின் நுகர்வில் ஏறக்குறைய 1.5 சதவீதம். 2030க்குள் அது இரு மடங்கைத் தாண்டும் என்கிறது அதே முகமை. இந்த அளவு போதும்.

நான் கொஞ்ச நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது அந்த 1.1 உடன்தான். பி.யூ.இ. என்பது வெறும் வகுத்தல். மையத்துக்குள் நுழையும் மொத்த மின்சாரம் மேலே, சர்வர் முதலிய கணினிக் கருவிகள் தின்பது கீழே. அந்தக் கருவிகள் உருப்படியாக என்ன செய்தன என்பது இந்த எண்ணுக்குத் தெரியாது. வேலையில்லாமல் விழித்திருக்கும் சர்வரும் அதன் கண்ணுக்கு உழைப்பாளிதான்.

ஒரு மையத்தில் சர்வர்களுக்கு 1000 கிலோவாட், குளிரூட்டலுக்கும் மற்ற இழப்புகளுக்கும் 500 என்று வையுங்கள். பி.யூ.இ. 1.5. சும்மா கிடக்கும் சர்வர்களைக் கழற்றுகிறார்கள். 1000 என்பது 700 ஆகிறது. யு.பி.எஸ்., டிரான்ஸ்பார்மர் இழப்புகள் அதே விகிதத்தில் குறையாது என்பதால் மற்ற செலவு 420இல் நிற்கிறது. மொத்தத்தில் 380 கிலோவாட் மிச்சம், ஆனால் பி.யூ.இ. 1.6! மிச்சம் பிடித்தவருக்குக் கெட்ட பெயர்.

மாறாக, முதலில் சொன்ன 1000, 500 கணக்கிலேயே அறையின் வெப்பநிலையை ஏற்றுங்கள். சில்லர் (chiller) எனும் குளிரூட்டும் இயந்திரத்தின் பாரம் 60 கிலோவாட் குறைகிறது. சர்வருக்குள் இருக்கும் சிறு விசிறிகள் சூடு தாங்காமல் 40 சதவீதம் வேகமாகச் சுற்றுகின்றன. விசிறியின் மின்தேவை வேகத்தின் கனத்தை, அதாவது மும்மடிப் பெருக்கத்தை, பின்பற்றும்: 1.4இன் கனம் 2.74. முன்பு 50 கிலோவாட் தின்ற விசிறிகள் இப்போது 137 தின்னும். அந்தக் கூடுதல் 87உம் சர்வர் கணக்கில், அதாவது கீழே, சேர்கிறது. மொத்தச் செலவு 1500இலிருந்து 1527 ஆக ஏறியிருக்க, பி.யூ.இ. மட்டும் 1.4க்கு இறங்கிவிடும். இதைத்தான் ஆறுதலான செய்தி என்கிறீர்கள். (27 டிகிரி வரை ஏற்றுவது பொதுவாக நியாயமானதுதான். விசிறி எங்கே சீறத் தொடங்குகிறது என்று பார்த்து ஏற்ற வேண்டும்.)

அடுத்தது தண்ணீர். சில்லரை ஓய்வில் விட்டு, நீரை ஆவியாக்கிக் குளிர்வித்தால் மின்சாரம் குறையும், பி.யூ.இ. அழகாகும். ஒரு யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பத்தை நீரை ஆவியாக்கி வெளியேற்ற ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீர் வேண்டும். இது இயற்பியல், பேரம் பேச முடியாது. வெப்பம் முழுவதும் இப்படியே போனால், 10 மெகாவாட் மையத்தில் ஒரு நாளைக்கு 3.6 லட்சம் லிட்டர் ஆவியாகும். நீர் போகும், அதிலிருந்த உப்பு போகாது. நீரை ஆவியாக்கும் கோபுரமான கூலிங் டவரில் உப்பின் செறிவு நான்கு மடங்கைத் தாண்டாமல் வைக்க இன்னும் 1.2 லட்சம் லிட்டரைக் கழிவாகத் திறந்துவிட வேண்டும், பாசியையும் கிருமியையும் கொல்லப் போட்ட மருந்துகளோடு. கழிவைக் குறைக்கிறேன் என்று வால்வை இறுக்கினால் சுண்ணாம்பும் சிலிக்காவும் குழாய்ச் சுவரில் படியும், வெப்பம் கடத்தப்படாது, சில்லர் மறுபடி மின்சாரம் கேட்கும்.

நீரே வேண்டாம் என்று, காற்றை மட்டும் வைத்துச் செய்யும் உலர் குளிர்விப்புக்குப் போனால், கொளுத்தும் நாளில் மின்செலவு எகிறும். அந்த மின்சாரம் அனல் மின் நிலையத்திலிருந்து வந்தால், அங்கும் ஒரு கூலிங் டவர் ஆவி விட்டுக்கொண்டுதான் இருக்கும்.

ஆகவே யாராவது 1.1 என்றால், முழு ஆண்டுக்கு மொத்தம் எத்தனை யூனிட், எத்தனை லிட்டர், சர்வர்களின் சராசரிப் பயன்பாடு எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். குளிர்கால இரவில் அளந்த விகிதத்தைக் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மடிக்கணினி விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. புதியது 10 வாட் குறைவாகத் தின்கிறது, நாளைக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் என்றால் மிச்சம் 20 யூனிட். யூனிட்டுக்கு அரைக் கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று கொண்டாலும் பத்துக் கிலோதான். ஒன்றைத் தயாரிப்பதிலேயே இருநூறு கிலோ அளவுக்கு வெளியேறிவிடும். இருபது ஆண்டு அதையே வைத்திருப்பீர்களா? பாட்டரியை மட்டும் மாற்றுங்கள். உள்விசிறியில் அடைந்திருக்கும் தூசியையும் அப்படியே ஊதிவிடச் சொல்லுங்கள்.