வைப்பர் ஆட்டிய டாக்ஸிக்காரர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தேர்தல் சமயத்தில் கட்சிகளுக்குக் குறும்வீடியோ எழுதிக் கொடுப்பது என் வேலை. எதிராளியைக் கலாய்த்தால் லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள். அதனால் ஒரு ஓட்டாவது நகர்ந்ததா, தெரியாது. உருக்கமாக எடுத்தாலோ ‘செட்டப்’ என்று கமெண்ட் விழுகிறது. சிரிப்பும் கண்ணீரும் நிஜமாகவே வேலை செய்த அரசியல் விளம்பரம் ஏதாவது உண்டா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உண்டு. சிலி நாடு, 1988.

1973-இல் ராணுவத்தைக் கொண்டு ஆட்சியைப் பிடித்த பினோசெட் இன்னும் எட்டு ஆண்டு தொடரலாமா என்று அக்டோபர் 5 அன்று வாக்கெடுப்பு. ‘சரி’ அல்லது ‘வேண்டாம்’. தொலைக்காட்சியில் இரு தரப்புக்கும் தினம் தலா 15 நிமிடம், 27 நாட்கள். வார நாட்களில் ஊர் தூங்கப்போகும் நேரத்தில்தான் ஒளிபரப்பு.

கொலைகளையும் சித்திரவதைகளையும்தான் காட்டவேண்டும் என்றார்கள் எதிரணியில் பலர். நியாயம்தான். ஆனால் பதினைந்து வருடமாகப் பயந்துகிடந்த ஜனங்களிடம் அதையே காட்டினால் இன்னும் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவார்களே? விளம்பரக்காரர்கள் வானவில்லைச் சின்னமாக வைத்து, ‘மகிழ்ச்சி வந்துகொண்டே இருக்கிறது’ என்று பாட்டுப் போட்டார்கள்.

இன்னொரு பாட்டில் ஆளாளுக்கு ஒரு விதமாக ‘வேண்டாம்’ சொல்கிறார்கள். ஒரு டாக்ஸிக்காரர், வைப்பர் இடமும் வலமும் ஆட ஆட, கூடவே விரலையும் ஆட்டுகிறார். அவ்வளவுதான். அதில் பினோசெட்டுக்கு ஒரு வசவுகூடக் கிடையாது. அப்புறம் தெருவில் மழையே இல்லாத நாளில் கார்கள் வைப்பரைப் போட்டுக்கொண்டு போயின. போலீஸ் என்ன கேஸ் போடும், கண்ணாடி துடைத்ததற்கா? உங்கள் கலாய்ப்பு எதிராளியின் மானத்தை வாங்குகிறது, பார்ப்பவர் சிரித்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறார். அந்த டாக்ஸிக்காரர் பார்ப்பவரின் பயத்தைக் குறைத்து, கையில் ஒரு வேலையையும் கொடுத்தார்.

கண்ணீருக்கு வருகிறேன். வயதான ஒரு அம்மா கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். தன்னை வீட்டிலிருந்து தூக்கிப்போய்க் கண்ணைக் கட்டிச் சித்திரவதை செய்ததைச் சொல்கிறார். குரல் உயரவில்லை, ஓலமில்லை. யாரோ ஒரு பாட்டி என்றே நினைத்துக்கொண்டிருப்போம். அதன்பின் இன்னொரு முகம் வருகிறது. கார்லோஸ் காஸெலி, சிலி முழுக்கத் தெரிந்த கால்பந்து வீரர். தான் ‘வேண்டாம்’ என்று வாக்களிக்கப்போவதாகச் சொல்கிறார், ஏனென்றால் இது என் அம்மா என்கிறார். மகன் முகத்தை முதலிலேயே காட்டியிருந்தால் நட்சத்திரப் பிரசாரமாகப் போயிருக்கும். அந்த அம்மாவை முழுதாகப் பேசவிட்டதில்தான் அந்த விளம்பரத்தின் உயிர் இருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

‘சரி’ தரப்பு முதலில் சாதனைப் பட்டியல் வாசித்தது, 1973-க்கு முந்தைய ஆட்சியைக் காட்டி மிரட்டியது. பாதி வழியில் பயந்துபோய், ‘வேண்டாம்’ விளம்பரங்களையே நக்கலடித்து நேரத்தைச் செலவழித்தது. எதிராளியின் பாட்டைக் காசில்லாமல் ஊருக்குக் கேட்கவைத்தது என்று சொல்லவேண்டும். (நம்மூரில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை.)

‘வேண்டாம்’ சுமார் 55 சதவீதம் வாங்கி ஜெயித்தது. விளம்பரம்தான் சர்வாதிகாரியை வீழ்த்தியது என்று உங்கள் தொழிலில் ஒரு புராணம் உலவுகிறது, அதை நம்பாதீர்கள். பல மாதம் தெருத்தெருவாகப் போய் ஜனங்களை வாக்காளர் பட்டியலில் பதியவைத்தார்கள். 70 லட்சத்துக்கு மேல் பதிந்தார்கள். தேர்தல் இரவில் அரசு எண்ணிக்கையை நம்பாமல் எதிரணி தனியாகவும் எண்ணியது. வீடியோ அந்த உழைப்புக்கு மேலேதான் உட்கார்ந்தது.

‘செட்டப்’ கமெண்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் வீடியோவில் அழுகிறவர் நடிகரா, பாதிக்கப்பட்டவரேவா? கடிதத்தில் அது இல்லை. பின்னணி இசையும் உண்டா என்று சேர்த்து எழுதுங்கள், பேசுவோம்.