நான்குக்கு ஒன்றா, நான்கில் ஒன்றா? – விகிதம் பற்றிய கேள்வி பதில்

திருமங்கலத்தில் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். நம் குழுவுக்கு வந்த கேள்விகளில் விகிதம் தொடர்பானவற்றுக்கு இன்று மாலை பதில் எழுதுகிறேன்.

விளாங்குடியிலிருந்து ஒரு தாய்: ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள், 2 மீட்டருக்கும் 50 சென்டிமீட்டருக்கும் உள்ள விகிதத்தை 2:50 என்று எழுதி 1:25 எனச் சுருக்கியிருக்கிறாள். டீச்சர் தவறு என்று அடித்துவிட்டார். ஏன் சார்?

சுருக்கியது சரி அம்மா, எடுத்துக்கொண்ட எண்கள்தான் தவறு. 2 மீட்டர் என்பது 200 சென்டிமீட்டர். 200:50, ஆகவே 4:1. முதலில் சொன்னது நீளமானது. 1:25 என்ற விடையோ அதைக் குட்டையாக்கிவிட்டது. விடை வந்ததும் எது பெரியது என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். எதற்கு எது, என்ன அலகு என்று எழுதிக்கொள்ளாமல் நடுவில் புள்ளி வைக்கவே கூடாது.

செல்லூரில் இட்லிக் கடை நடத்துபவர்: அரிசியும் உளுந்தும் 4:1 என்று அம்மா சொல்லிக்கொடுத்தது. கல்யாண ஆர்டருக்கு மொத்தம் 20 படி ஊறவைத்தோம். நான்கில் ஒன்று உளுந்து என்று தம்பி 5 படி போட்டுவிட்டான். மாவு வழக்கம்போல் இல்லை. அளவில் தவறா?

அளவில்தான் தவறு. உங்கள் தம்பி செய்த தவறை முப்பது வருடமாகப் பார்த்து வருகிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன். 4:1 என்பது நான்குக்கு ஒன்று. நான்கில் ஒன்று அல்ல. நான்கு படி அரிசி ஒரு பக்கம், அதற்கு எதிரே ஒரு படி உளுந்து. இரண்டும் சேர்ந்தால் ஐந்து. ஆகவே உளுந்து மொத்தத்தில் ஐந்தில் ஒன்று. 20 படிக்கு 16 படி அரிசி, 4 படி உளுந்து. தம்பி போட்டது 15:5, அதாவது 3:1. அம்மாவின் கணக்கே மாறிப்போனது.

நம் மொழியிலேயே இதற்கு வேற்றுமை உருபு இருக்கிறது. 'இல்' என்றால் முழுமைக்குள்ளே இருக்கும் பகுதி. 'கு' என்றால் இரண்டை எதிரெதிரே நிறுத்துவது. கால் (1/4), அரைக்கால் (1/8), மாகாணி (1/16) என்று பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். அவை எல்லாம் ஒன்றில் எவ்வளவு என்று சொல்பவை. 'காலுக்கு அரைக்கால்' என்றால் அது விகிதம், 2:1.

சோழவந்தான்: மாடு விற்ற 50,000 ரூபாயை அண்ணனும் நானும் 3:2 எனப் பிரிக்க வேண்டும்.

மொத்தம் ஐந்து பங்கு, ஒரு பங்கு 10,000. அண்ணனுக்கு 30,000, உங்களுக்கு 20,000.

தெற்கு ஆவணி மூல வீதியில் நகைப் பட்டறையில் வேலை பழகும் இளைஞர்: ஐயா, 24 கிராம் சுத்தத் தங்கத்தை 22 காரட் ஆக்க 2 கிராம் செம்பு சேர்த்தால் போதும்தானே?

போதாது தம்பி. 22 காரட் என்பது 24 பங்கில் 22 பங்கு தங்கம். தங்கத்துக்கும் செம்புக்கும் உள்ள விகிதம் 22:2, அதாவது 11:1. உங்கள் 24 கிராமும் தங்கமே என்பதால் அதை 11ஆல் வகுக்க வேண்டும். 2.18 கிராம் செம்பு வரும். 2 கிராம் மட்டும் சேர்த்தால் 26இல் 24 தங்கம், ஏறத்தாழ 22.15 காரட். 22ஐ 24ஆல் வகுத்தால் 0.9166 வருகிறதே, நகையில் பொறிக்கும் 916 அதுதான்.

பேரையூர்: 3:2 என்றால் முதல் ஆளுக்கு 3/2 பங்கா?

மொத்தமே ஒன்று, அதில் ஒன்றரை எப்படி எடுப்பது? சோழவந்தான்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அனுப்பானடி: பங்குச் சந்தையில் விலைக்கும் வருமானத்துக்கும் உள்ள விகிதம் எவ்வளவு இருந்தால் வாங்கலாம்?

அது என் துறை அல்ல. அதில் தேர்ந்தவரிடம் கேளுங்கள்.

மேலூர், ஏழாம் வகுப்பு மாணவன்: அப்பா வயதும் என் வயதும் 3:1. எப்போதும் அப்படியே இருக்குமா?

இருக்காது. உனக்கு 12, அப்பாவுக்கு 36 என்று வைத்துக்கொள். 12 வருடம் கழித்து 24, 48. விகிதம் 2:1 ஆகிவிடும். பெருக்கினால் விகிதம் மாறாது, கூட்டினால் மாறும். நல்ல கேள்வி, தம்பி.

உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை போட்டிருப்பவர்: பஞ்சகவ்யம் 3 சதவீதம் தெளிக்கச் சொன்னார்கள். 10 லிட்டர் டேங்குக்கு எவ்வளவு?

300 மில்லி. 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் என்ற கணக்கு.

பொறியியல் மாணவர் ஒருவர், குறுக்கிட்டு: ஐயா, 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் என்றால் மொத்தம் 103 ஆகிறதே? அது 2.91 சதவீதம்தான். 3 சதவீதம் வேண்டுமானால் 3:97.

சரியாகச் சொன்னீர்கள். 10 லிட்டர் தண்ணீரில் 300 மில்லி ஊற்றினால் 9 மில்லி குறைகிறது. செடிக்கு அது பெரிதில்லை.

அதே மாணவர்: செடிக்கு இல்லை ஐயா, உங்கள் விதிக்கு. 'கு' என்றால் எதிரெதிரே நிற்பவை என்றீர்கள். 'நூற்றுக்கு முப்பத்தைந்து மதிப்பெண்' என்கிறோமே, அந்த 35 நூறுக்கு உள்ளேதானே இருக்கிறது?

இதற்குப் பதில் எழுத அரை மணி நேரம் யோசித்தேன். நான் சொன்னது குறைபட்ட விதிதான். 'இல்' என்றால் சந்தேகமில்லை, பகுதியும் முழுமையும். 'கு' என்பது இரண்டு அளவுகளை எதிரெதிரே நிறுத்துகிறது, உண்மை. ஆனால் அந்த இரண்டில் ஒன்று முழுமையாகவே இருக்கலாம். மதிப்பெண்ணில் எதிரே நிற்பது மொத்தம். இட்லியில் எதிரே நிற்பது இன்னொரு பகுதி. உருபு மட்டும் இதைச் சொல்லாது. எதற்கு எது என்று கேட்டாக வேண்டும். அளவு சிறியதாக இருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் தெரியும். 50 சதவீதம் என்று வையுங்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு 50 ஊற்றினால் மூன்றில் ஒன்றுதான் வரும், பாதி வராது. வகுப்பில் இருந்திருந்தால் உங்களைக் கரும்பலகைக்கு வரச் சொல்லியிருப்பேன்.

கூடல் நகர்: சார், 4:1 என்றால் கால் பங்குதானே?

இல்லை. செல்லூர்க்காரருக்கு எழுதியதைப் படித்துவிட்டு வாருங்கள். படித்தும் புரியாவிட்டால் கேளுங்கள், மறுபடி சொல்கிறேன்.

வாடிப்பட்டி: 2 கிலோ, 500 கிராம். 2:500 சரியா?

அலகு! 4:1.

உசிலம்பட்டி, மீண்டும்: ஐயா, நீங்கள் பேசிக்கொண்டது எனக்கு ஓரளவுதான் புரிந்தது. என்னுடையது உண்மையில் 15 லிட்டர் டேங்க். எவ்வளவு ஊற்றட்டும்?

450 மில்லி. துணியில் வடிகட்டி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். பிறகு 15 லிட்டர் கோடு வரை தண்ணீர் நிரப்புங்கள். தண்ணீரைத் தனியாக அளக்க வேண்டாம். அப்படிச் செய்தால் அந்த மாணவர் சொன்ன 3:97 தானாக வந்துவிடும்.