தகவல் அறிதிறனைப் பட்டப்படிப்பின் கற்றல் விளைவுகளோடு எப்படிப் பொருத்துவது?

சேலத்தில் கல்லூரி நூலகராக இருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. தகவல் அறிதிறன் என்பது தேவையான தகவலைத் தேடி, மதிப்பிட்டு, பயன்படுத்தும் திறன்; கற்றல் விளைவு என்பது படிப்பின் முடிவில் மாணவர் என்ன செய்யக்கூடியவராக வேண்டும் என்று துறை எழுதிவைப்பது. முதலாண்டில் ஒரு மணி நேர நூலக அறிமுகத்தோடு கடமையை முடித்துக்கொள்வது நம்மிடையே பரவலான வழக்கம், அது போதாது.

அமெரிக்காவின் கல்லூரி, ஆய்வு நூலகங்கள் சங்கம் (ACRL) தகவல் அறிதிறனுக்காக 2000இல் வகுத்த ஐந்து தரநிலைகள் திறன்களைப் பட்டியலிட்டன. 2015இல் அது வெளியிட்ட சட்டகமோ, ஒரு மூலத்தின் நம்பகம் சூழலைப் பொறுத்தது என்பது போன்ற ஆறு கருத்துகளை முன்வைக்கிறது. இவற்றை அப்படியே ஒட்டவைக்காமல், துறையின் கற்றல் விளைவில் உள்ள வினைச்சொல்லைப் பிடித்துக்கொள்வதே என் வழி. 'ஒப்பிட்டு மதிப்பிடுவார்' என்று வரலாற்றுத் துறை எழுதியிருந்தால், ஏற்காட்டுக்குக் காபி வந்த கதையைக் கொடுங்கள். ஆங்கிலேயர் காலச் சேலம் ஆட்சியர் காக்பர்ன் கொண்டுவந்தார் என்று பல இணையதளங்கள் சொல்லும். எது எதைப் பார்த்து எழுதியது என்று பின்தொடர்ந்து, பழைய மாவட்ட விவரச்சுவடி (கெசட்டியர்) வரை மாணவர் போய்ப் பார்க்கட்டும். மதிப்பெண்ணை விடைக்கு மட்டுமன்றி, தேடிய தடத்துக்கும் கொடுங்கள்.

மூன்றாமாண்டு ஆய்வுத்திட்டத்துக்குச் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவிலுள்ள முனைவர் பட்ட ஆய்வேடுகள் உதவும் (அவற்றிலும் பிழை உண்டு என்பது தனிப்பாடம்). ஆனால் துறை ஆசிரியரே அக மதிப்பீட்டில் இந்தத் தேடலுக்கு மதிப்பெண் ஒதுக்காதவரை, நூலகர் எவ்வளவு சொன்னாலும் மாணவர் காதில் ஏறாது.