வாங்கியாச்சு, இப்ப என்ன? – கேள்வி-பதில்

ஓசூரில் 18,000 ரூபாய்க்கு அக்கூஸ்டிக் கித்தார் வாங்கினேன். "நாதம் நீண்டு நிற்கும், சத்தமும் கணீர்னு இருக்கும்" என்றார்கள். நண்பனின் எலெக்ட்ரிக் கித்தாரில் நிற்பதில் பாதிகூட இதில் நிற்கவில்லை. ஏமாந்துவிட்டேனா?
– மாணவர், ஓசூர்

பொருளில் ஏமாறவில்லை தம்பி, பேச்சில் ஏமாந்தீர்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி விற்பவர்கள் மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு. அப்படி நம்பி வாங்கிய மாண்டலின் ஒன்று இன்னும் என் பீரோ மேல் கிடக்கிறது.

கம்பியை மீட்டும்போது நீங்கள் கொடுக்கும் சக்தி தொட்டித் தண்ணீர் மாதிரி, அளவானது. குதிரை (கம்பியைத் தாங்கும் சின்னக் கட்டை) வழியாக மேல்பலகைக்கு இறங்கினால்தான் அது சத்தமாகும். பெரிய குழாயாகத் திறந்தால் சீக்கிரம் காலி. மெல்லிய பலகை உரக்கப் பேசும், விரைவில் ஓயும். பாஞ்சோவில் பலகைக்குப் பதில் இழுத்துக் கட்டிய தோல், அதனால்தான் அது 'டங்'கென்று அடித்து அடங்கிவிடுகிறது. எலெக்ட்ரிக் கித்தாரின் கனத்த கட்டை கம்பியிடமிருந்து கொஞ்சம்தான் வாங்கும். சத்தத்துக்குத்தான் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறதே!

மிச்ச சக்தியைக் காற்றும், கம்பிக்குள்ளேயே நடக்கும் உராய்வும் தின்னும். வியர்வையும் துருவும் ஏறிய கம்பியில் மேல் சுரங்கள் முதலில் சாகும். கடையில் மாதக்கணக்கில் தொங்கிய கித்தாருக்கு முதல் வைத்தியம் புதுக் கம்பி, சில நூறு ரூபாய். அதன் பிறகும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நாதம் பொசுக்கென்று போனால், அந்தச் சுருதியில் பெட்டியே அதிர்ந்து சக்தியை உறிஞ்சலாம். அப்படியானால் அதை முழுசாகச் சரிசெய்வது கஷ்டம். வாங்கும்போதே கழுத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் கம்பியை அழுத்தி மீட்டிக் கேட்டிருக்க வேண்டும்.

மகளின் உகுலேலே சட்டென்று நின்றுவிடுகிறது. குறையா?
– கிருஷ்ணகிரி

இல்லை. நைலான் கம்பி, சின்னப் பெட்டி. அவ்வளவுதான் நிற்கும்.

ஊர்க் கோயிலுக்கு வெண்கல மணி வாங்கினோம். பில்லிலும் வெண்கலம் என்றே இருக்கிறது. அடித்தால் 'டொக்'. கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார்.
– பென்னாகரம் பக்கம்

வீட்டுக்கு வீடு வரி போட்டுச் சேர்த்த பணமாயிருக்கும், வயிறு எரிகிறது. முதலில் மணியை இறக்கி, கயிற்றில் தனியாகத் தொங்கவிட்டு மரக்கட்டையால் தட்டுங்கள். கணீரென்றால் குறை மாட்டிய விதத்தில்: உத்திரத்தோடு இறுக்கியிருப்பீர்கள், அல்லது நாக்கு அடித்தபின் விலகாமல் ஒட்டி நிற்கும். அப்போதும் 'டொக்' என்றால் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். மயிரிழை விரிசல் போதும், இரு ஓரமும் உரசி நாதத்தைத் தின்றுவிடும். விரிசலும் இல்லையென்றால் கலவையில் கைவைத்திருக்கலாம். மணி வெண்கலத்தில் ஏறக்குறைய 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். காரீயம் சேர்ந்தால் மணி ஊமை. உலோகப் பரிசோதனைக் கூடத்தில் சான்று வாங்குங்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிகம். "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்ற ரப்பர் ஸ்டாம்புக்குப் பயப்படாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு வருடத்துக்குள் மனு, 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. கடை வெளியூரானாலும் உங்கள் மாவட்டத்திலேயே போடலாம். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

சேலத்தில் பழைய வீணை வாங்கிக் காரில் வந்தோம். தொப்பூரில் நிறுத்திச் சாப்பிட்டோம், நல்ல வெயில். வீட்டில் மீட்டினால் மேல் ஸ்தாயியில் நாதமே இல்லை. பில் வாங்கவில்லை. வழக்குப் போடலாமா?
– தர்மபுரி

யார் மேல், சூரியன் மேலா? வீணையின் மெட்டுகள் (கம்பியை அழுத்தும் இடத்தில் குறுக்கே நிற்கும் கட்டைகள்) மெழுகில் நிற்பவை. மூடிய காருக்குள் மெழுகு இளகி, மெட்டு இறங்கியிருக்கும், கம்பி பக்கத்து மெட்டில் இடிக்கும். மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் சுருதி பார்த்துப் பதிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துத் திரும்பக் கட்டுங்கள். குதிரை மேல் தகட்டில் கம்பி பள்ளம் பறித்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பில்லும் இல்லை, வாங்கும்போது வாசித்தும் பார்க்கவில்லை. கடைக்காரரை நான் என்ன கேட்பது?