பில் பட்டன் வேலை செய்யவில்லையா? எக்ஸெல் வாங்க ஓடாதீர்கள்

கேள்வி: கானாடுகாத்தானில் வீட்டிலேயே தேன்குழல், மனகோலம், அதிரசம் என்று சீர்ப் பலகாரம் செய்து அனுப்புகிறேன். தம்பி மகன் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச சாஃப்ட்வேரில் ஒரு பில் ஷீட் போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்கு சிங்கப்பூர் போய்விட்டான். புதுக் கம்ப்யூட்டருக்கு மாறியதிலிருந்து ‘பில் போடு’ பட்டனை அழுத்தினால் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ வருகிறது. நடுவே ‘லொக்கேஷன்: அப்ளிகேஷன்’ என்று இருக்கிறது. அடிக்கடி அப்படியே நின்றும் போகிறது. கம்ப்யூட்டர் கடைத் தம்பி, “ஓசி சாஃப்ட்வேர் இப்படித்தான் ஆச்சி, லைஃப்டைம் கீயோடு எக்ஸெல் போட்டுத் தருகிறேன், பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறேன்” என்கிறார். செய்யலாமா?

பதில்: ஆச்சி, எக்ஸெல் விஷயம் அப்புறம். பழைய கம்ப்யூட்டரை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பட்டனின் உயிர் அதற்குள்தான் இருக்கிறது.

பட்டனை அழுத்தினால் ஓடுகிற கட்டளைகளுக்கு மேக்ரோ என்று பெயர். அதை ஷீட்டுக்குள்ளேயே வைக்கலாம். அல்லது அந்தக் கம்ப்யூட்டரில் லிப்ரே ஆபீஸ் தனக்கென்று வைத்திருக்கும் ஃபோல்டரில் வைக்கலாம். நீங்கள் பார்த்து எழுதியிருக்கிறீர்களே ‘அப்ளிகேஷன்’ என்ற வார்த்தை, அதுவே போதும், உங்கள் தம்பி மகன் இரண்டாவது இடத்தில் வைத்திருக்கிறார் என்று தெரிகிறது. பென் டிரைவில் ஷீட் மட்டும் வந்தது, மேக்ரோ பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. சாஃப்ட்வேர் பழுதும் இல்லை, ஓசி என்பதால் வந்த கேடும் இல்லை.

எடுப்பது சுலபம். இரண்டு கம்ப்யூட்டரிலும் லிப்ரே ஆபீஸை முழுக்க மூடிவிடுங்கள். பழையதில் விண்டோஸ் சாவியையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் சதவீதக் குறி, ஆப்டேட்டா, மறுபடி சதவீதக் குறி (%appdata%), இடைவெளி விடாமல் அடித்து என்டர். வருகிற இடத்தில் லிப்ரே ஆபீஸ், அதற்குள் 4, அதற்குள் யூசர், அதற்குள் பேசிக் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும் (வெர்ஷன் 24, 25 என்று ஏறிவிட்டாலும் அந்த ஃபோல்டருக்குப் பெயர் 4 தான், குழம்ப வேண்டாம்). அந்த பேசிக் ஃபோல்டரைப் பென் டிரைவில் எடுத்துப் புதுக் கம்ப்யூட்டரில் அதே இடத்தில் போடுங்கள். பட்டன் வேலை செய்யும். ஆனால் இது இப்போதைக்கு ஒப்பேற்றுவதுதான். தம்பி மகன் அடுத்த முறை போனில் வரும்போது மேக்ரோவை ஷீட்டுக்குள்ளேயே மாற்றிப் பட்டனையும் அதற்குக் கட்டிவிடச் சொல்லுங்கள், அவருக்குப் புரியும். ஷீட் இருக்கும் ஃபோல்டரை மட்டும் நம்பிக்கையான இடம் என்று செக்யூரிட்டி பகுதியில் அவரே சேர்த்துக் கொடுக்கட்டும். செக்யூரிட்டியை ‘லோ’வில் வை, எல்லாம் ஓடும் என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்புறம் மெயிலில் வருகிற கண்ட ஃபைலின் மேக்ரோவும் உங்களைக் கேட்காமலே ஓடும்.

நின்றுபோவதற்கு: ஹெல்ப் மெனுவில் சேஃப் மோடில் (உங்கள் செட்டிங் எதுவும் இல்லாமல்) மறுபடி தொடங்க ஒரு வழி இருக்கிறது. அதில் நிற்காமல் ஓடினால் பெரும்பாலும் கோளாறு செட்டிங்கிலோ கிராஃபிக்ஸிலோதான். அங்கேயே ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை (திரையில் காட்டுகிற வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடம் விடுகிற வசதி) நிறுத்திப் பாருங்கள், பல நேரம் அதிலேயே தீரும். அதே பெட்டியில் யூசர் புரொஃபைல் (உங்கள் செட்டிங், மேக்ரோ எல்லாம் இருக்கிற ஃபோல்டர்) முழுவதையும் ரீசெட் செய்கிற வசதியும் உண்டு. கடைக்காரர்கள் எடுத்த எடுப்பில் அதைத்தான் அழுத்துவார்கள். அழுத்தினால் மேக்ரோவும் சேர்ந்து போய்விடும். பேசிக் ஃபோல்டரின் நகல் கையில் இல்லாமல் அதைத் தொட விடாதீர்கள்.

இனி அந்த லைஃப்டைம் கீ. அடிமாட்டு விலைக்கு வருகிற இந்தக் கீ பல நேரம் எங்கோ ஒரு கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுத்தது, இல்லையென்றால் கிராக், அதாவது பூட்டை உடைத்த திருட்டுக் காப்பி. போடும்போது “ஆன்டிவைரஸை ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணிக்கிறேன்” என்று சொன்னால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் வாடிக்கையாளர் நம்பர், பேங்க் விவரம் எல்லாம் இருக்கிற கம்ப்யூட்டர் அது. காசு கொடுத்து அதில் திருடனுக்குக் கதவு திறந்துவிடுவதா? இத்தனைக்கும் அந்த எக்ஸெல்லில் உங்கள் பட்டன் ஓடப்போவதில்லை. இரண்டின் மேக்ரோவும் வேறு வேறு, அதற்கு மறுபடி எழுதக் கூலி கேட்பார்கள். லிப்ரே ஆபீஸுக்கே ‘லைசென்ஸ் சார்ஜ்’ வாங்குகிற ஆட்களும் உண்டு. அதை வெளியிடுகிற டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் தளத்தில் அது எல்லாருக்கும் இலவசம்.

எக்ஸெல் கேட்கிற இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஜிஎஸ்டியில் காம்போசிஷனில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம்) இருந்தால் வருஷம் ஒருமுறை ஜிஎஸ்டிஆர்-4 என்ற ரிட்டர்ன் போட வேண்டும். அதற்கு ஜிஎஸ்டி தளத்தில் கொடுக்கிற ஆஃப்லைன் ஃபைல் எக்ஸெல் மேக்ரோவில் எழுதியது, லிப்ரே ஆபீஸில் ஓடாது. அரசு வேலைகளில் திறமூல மென்பொருளுக்கு (லிப்ரே ஆபீஸ் போல, உள்ளே எழுதியிருப்பதை எவரும் பார்த்து மாற்றலாம்) முன்னுரிமை என்று 2015-இல் கொள்கை வெளியிட்டது இதே மத்திய அரசுதான். பத்து வருஷம் தாண்டியும் வரி கட்டுகிற சனங்களுக்கு எக்ஸெல் இருந்தால்தான் திறக்கும் ஃபைலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், கேட்பாரில்லை. இந்த ஓட்டையை வைத்துத்தான் கடைக்காரர்கள் “ஜிஎஸ்டிக்கு எக்ஸெல் கட்டாயம்” என்று பயமுறுத்துகிறார்கள். கட்டாயம் இல்லை ஆச்சி. அதே ரிட்டர்னைத் தளத்திலேயே நேராக நிரப்பலாம். இல்லையா, உங்கள் ஆடிட்டரிடம் எக்ஸெல் இருக்கும், அவர் பார்த்துக்கொள்வார்.

ஆடிட்டருக்குக் கணக்கு அனுப்பும்போது மட்டும் ‘சேவ் எ காப்பி’ கொடுத்து எக்ஸெல்லின் வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸில் ஒரு நகல் எடுத்து அனுப்புங்கள். மூல ஷீட் எப்போதும் லிப்ரே ஆபீஸின் சொந்த வடிவமான ஓடிஎஸ் ஆகவே இருக்கட்டும். மேக்ரோவை ஷீட்டுக்குள் மாற்றிய பிறகு அதையே எக்ஸ்எல்எஸ்எக்ஸாகச் சேமித்தால் மேக்ரோ காணாமல் போய்விடும்.