எம்ஜிபி ரோட்ஸ்டர் காரில் கதவுக்குக் கீழுள்ள சில்லை மாற்றியபின் கதவு ஏன் சரியாக மூடுவதில்லை?

இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி காருக்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. பாடியே சுமையைத் தாங்குகிறது. திறந்த மேற்புறம் கொண்ட ரோட்ஸ்டரில் இரும்புக் கூரையும் இல்லாததால், கதவுக்குக் கீழே ஓடும் இரும்புச் சட்டமான சில்தான் முன்பாதியையும் பின்பாதியையும் பிணைத்து நிறுத்துகிறது. துருப்பிடித்த சில்லை வெட்டியதும் நடுப்பகுதி தொய்ந்திருக்கும். அந்த நிலையிலேயே புதியதை வெல்டிங் செய்ததால் கோணல் நிலைத்துவிட்டது.

வெட்டுவதற்கு முன்பே, கதவு மூடுவதற்கு இடையூறின்றி, திறப்பின் உட்புறமாக ஓர் இரும்புக் குழாயை வெல்டிங் செய்து இறுக்கியிருக்க வேண்டும். பிறகு புதிய சில்லைக் கிளாம்பால் மட்டும் பிடித்து, கதவையும், போல்ட்டில் கழற்றி மாட்டக்கூடிய முன் விங்கையும் (மட்கார்டு) பொருத்தி, கதவோர இடைவெளி மேலிருந்து கீழ்வரை சீராக வந்த பின்னரே வெல்டிங் செய்ய வேண்டும். இதற்கு ஒரு நாள் முழுதும் போனாலும் நான் கவலைப்படமாட்டேன். இப்போது கீலைத் தளர்த்தியோ பட்டி பூசியோ சமாளிக்க வேண்டாம். அந்த வெல்டிங்கைப் பிரிப்பதே வழி.