79% என்றால் உங்களுக்கு 79% ஆபத்து என்று அர்த்தம் இல்லை

வணக்கம். அண்ணனுக்கு மனச்சிதைவு நோய், அதில் மரபணுவின் பங்கு 79% என்று படித்ததிலிருந்து 31 வயதில் கல்யாணப் பேச்சையே நிறுத்தி வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். மனசு கேட்கவில்லை, அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

அந்த எண் சரிதான். டென்மார்க்கில் 1951 முதல் 2000 வரை பிறந்த இரட்டையர்களை வைத்துக் கணக்கிட்டு 2018-இல் வெளியிட்டார்கள். ஆனால் அது தனி ஒருவரின் ஆபத்தைச் சொல்லும் எண்ணே இல்லை. பல ரக விதைகளைக் கலந்து விதைத்த வயலை நினைத்துக்கொள்ளுங்கள். பயிர்கள் ஒன்றுக்கொன்று உயரத்தில் வேறுபடுகின்றன. அந்த ஏற்றத்தாழ்வில் விதையால் வந்தது எவ்வளவு, தண்ணீராலும் எருவாலும் வந்தது எவ்வளவு என்று பிரிக்கிற கணக்குதான் இது. எல்லா மூலைக்கும் தண்ணீர் ஒரே மாதிரி பாய்ந்தால் விதையின் பங்கு கூடிவிடும், விதை மாறாமலேயே!

நீங்கள் பார்க்க வேண்டிய எண் அதே ஆய்வில் இருக்கிறது. மரபணு அப்படியே ஒன்றாக இருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால், மற்றவருக்கும் இருந்தது சுமார் 33%தான். வேறுகரு இரட்டையரில், அதாவது சாதாரண உடன்பிறப்புகள் அளவுக்கே மரபணு ஒத்திருக்கும் இரட்டையரில், 7%. உடன்பிறந்தவர் என்ற முறையில் நீங்கள் இந்த இரண்டாவது எண்ணுக்குப் பக்கத்தில்தான் வருவீர்கள். அதோடு இந்த நோய் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலிருந்து முப்பதை ஒட்டித் தொடங்குவது. அந்தக் கட்டத்தின் பெரும்பகுதியை நீங்கள் தாண்டியாயிற்று.

அண்ணனைப் பார்க்கும் மனநல மருத்துவரிடம் இதையே ஒருமுறை நேரில் கேளுங்கள். அப்புறம், வீட்டில் நிறுத்திய பேச்சை மறுபடி தொடங்கச் சொல்லுங்கள்.